அடிபட்ட நெஞ்சுக்கு யார் பொறுப்பு?

மில்லில் விரல் நசுங்கினால் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உண்டு. வயலில் பாம்பு கடித்தால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு. தலையில் அரிவாள் வெட்டு விழுந்தால் எத்தனை தையல் போட்டார்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுக்கிறார். கோர்ட்டில் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த வெட்டு விழுந்த இரவுக்குப் பிறகு ஆறு மாதமாகத் தூக்கமில்லாமல் கிடக்கிறானே ஒரு விவசாயத் தொழிலாளி; கதவு தட்டும் ஓசை கேட்டாலே நடுங்குகிறாளே அவன் மனைவி; பள்ளிக்கூடம் போக மறுத்து மூலையில் உட்கார்ந்திருக்கிறதே அவர்கள் குழந்தை - இதற்கு யார் சர்ட்டிபிகேட் எழுதுவது? யார் மருந்து கொடுப்பது? யார் நஷ்டஈடு கொடுப்பது?

குடிசைகள் கொளுத்தப்பட்டால் எரிந்த வீடுகளைத் தாசில்தார் எண்ணுகிறார். செத்தவர்களைப் போலீஸ் எண்ணுகிறது. உடைந்த நெஞ்சுகளை எண்ணுவதற்கு ஒரு நாதியுமில்லை.

"காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்லுகிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்லுகிறார்கள். ஆனால் காலம் தானாக எதையும் ஆற்றிவிடுவதில்லை. கூட நிற்கும் மனிதர்கள் இருந்தால்தான் காலமும் ஆற்றும். அப்படிக் கூட நிற்பதை அவரவர் இரக்கத்துக்கு விட்டுவிடக் கூடாது. அதற்கு ஊருக்கு ஊர் ஒரு நிரந்தரமான ஏற்பாடு வேண்டும்; சங்கங்களும் டாக்டரும் வக்கீலும் ஆசிரியரும் ஒன்றாக உட்காரும் ஒரு கூட்டுக் கமிட்டி வேண்டும். உழைக்கும் மக்களின் ஸ்தாபனங்கள் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே நமது கருத்து.

வாச்சாத்தி கற்றுத் தந்த பாடம்

தர்மபுரி ஜில்லா, அரூர் தாலுகாவில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வனத்துறை, போலீஸ், ரெவின்யூ மூன்று இலாகாக்களின் ஆட்களும் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளாக்கப்பட்டார்கள். வீடுகள் தரைமட்டமாக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொல்லப்பட்டன, குடிதண்ணீர்க் கிணறும் பாழாக்கப்பட்டது. 90 பெண்களும் 28 குழந்தைகளும் சேலம் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தப்பியவர்கள் மலையில் ஒளிந்து கிடந்தார்கள்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அதிகாரிகள் சாதித்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் அந்த ஊருக்குள் போய், நடந்ததைக் கேட்டு எழுதியது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ.நல்லசிவன் வழக்குத் தொடுத்தார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசியக் கமிஷனின் அதிகாரியான பாமதி நேரில் விசாரித்து அறிக்கை கொடுத்தார். 1995ல் ஹைகோர்ட் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 269 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. 155 பேர் வனத்துறை, 108 பேர் போலீஸ், 6 பேர் ரெவின்யூ. 2011 செப்டம்பர் 29ல் தர்மபுரி கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் உயிரோடு இல்லை. மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. 2023 செப்டம்பர் 29ல் ஹைகோர்ட் அந்தத் தண்டனையை ஊர்ஜிதம் செய்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலைக்குப் பத்து லட்ச ரூபாய் கொடுக்கவும், வேலையோ சுயதொழில் வசதியோ செய்து தரவும் உத்தரவிட்டது.

31 வருஷம்! இந்த 31 வருஷத்தில் அந்தப் பெண்கள் எத்தனை முறை கோர்ட்டுப் படி ஏறியிருப்பார்கள்? அடையாள அணிவகுப்பில் நின்று, தங்களை நாசம் செய்தவன் முகத்துக்கு நேரே கைநீட்டிக் காட்டினார்களே, அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! எத்தனை முறை எதிர்த்தரப்பு வக்கீல் கேட்க, அந்த நாளை மறுபடி மறுபடி சொல்லியிருப்பார்கள்? சொல்லிவிட்டு வீடு திரும்பிய இரவு எப்படித் தூங்கியிருப்பார்கள்?

வாச்சாத்தி இரண்டு விஷயங்களைக் கற்பிக்கிறது. ஒன்று: சங்கம், வக்கீல், நேர்மையான அதிகாரி, பத்திரிகை எல்லாம் விலகாமல் சேர்ந்து நின்றால் அதிகார பலத்தையும் வெல்லலாம். இரண்டு: வழக்குக்காகச் சேர்ந்து நிற்பதைப் போலவே, வழக்கு நடக்கும் காலமெல்லாம் அந்த மக்களின் மனத்தைத் தாங்கிப் பிடிப்பதற்கும் ஓர் அமைப்பு வேண்டும். முதலாவதை நாம் ஓரளவு கற்றுக்கொண்டிருக்கிறோம். இரண்டாவதை இன்னும் கற்க வேண்டியிருக்கிறது.

இது பேயுமல்ல, கோழைத்தனமுமல்ல

பயங்கரம் ஒன்றைக் கண்ட மனிதனுக்கு முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவதும், பசி போவதும், திடுக்கிட்டு எழுவதும் இயல்பு. பெரும்பாலோர் பாதுகாப்பான இடமும், கையில் வேலையும், பக்கத்தில் ஆதரவும் கிடைத்தால் மெல்ல மெல்ல மீண்டுவிடுகிறார்கள். ஒரு பகுதியினருக்கு அது மாதக்கணக்கில் நீடிக்கிறது. நடந்த சம்பவம் கண்முன் திரும்பத் திரும்ப ஓடுகிறது. அந்தத் தெரு வழியாகவே போக முடிவதில்லை. சின்னச் சத்தத்துக்கும் உடல் தூக்கிப் போடுகிறது. காரணமில்லாமல் கோபம் வருகிறது. ஆண்கள் சாராயத்தில் விழுகிறார்கள். பெண்கள் "உடம்பெல்லாம் வலிக்குது, நெஞ்சை அடைக்குது" என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். இரண்டு வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சிலர் உயிரை மாய்த்துக்கொள்ளவும் துணிகிறார்கள்.

இதைப் பேய் பிடித்தது என்று கோடாங்கியிடம் கூட்டிப் போகிறார்கள். "ஆம்பிளையா இருந்துட்டு அழலாமா?" என்று கேலி பேசுகிறார்கள். இரண்டும் தவறு. கால் முறிந்தவனைப் பார்த்து "ஏன் நடக்கவில்லை?" என்று யாரும் கேட்பதில்லை. இதுவும் அடிபட்ட காயம்தான். இதற்கும் சிகிச்சை உண்டு. பேசிப் பேசி மனத்தைச் சீர்செய்யும் முறைகள் இருக்கின்றன. தேவைப்பட்டால் மருந்தும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சம்பவம் நடந்த மறுநாளே பாதிக்கப்பட்டவர்களை வரிசையாக உட்காரவைத்து, "நடந்ததையெல்லாம் சொல்லு, மனசு லேசாகும்" என்று தோண்டிக் கேட்பது நல்லதென்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அதனால் பயனில்லை, சிலருக்குக் கெடுதலே உண்டாகிறது என்று பிற்பாடு ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. 2011ல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட வழிகாட்டி மூன்றே காரியங்களைச் சொல்லுகிறது: பார், கேள், இணை. யாருக்கு என்ன அவசரத் தேவை என்று பார். அவர்களாகச் சொன்னால் பொறுமையாகக் கேள். உணவு, உறவினர், டாக்டர், வக்கீல் ஆகியோரோடு அவர்களை இணை. இதைச் செய்யப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. இதில் "இணை" என்பதுதான் நம் நாட்டில் நடக்காமல் கிடக்கிறது.

ஏழு வாசல், ஏழு நாள் கூலி

சட்டமே இல்லையா? இருக்கிறது. ஏராளமாக இருக்கிறது.

2017ம் வருஷத்திய மனநலப் பராமரிப்புச் சட்டம், சர்க்கார் நடத்தும் அல்லது சர்க்கார் நிதி பெறும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. சட்டம் சொல்லும் குறைந்தபட்சச் சேவை ஒரு ஜில்லாவில் இல்லையென்றால், அந்த ஜில்லாவிலேயே வேறிடத்தில் பெறும் சிகிச்சையின் செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும் என்றும் சொல்லுகிறது. ஜில்லா மனநலத் திட்டம் 1996 முதல் இருக்கிறது. 2022 முதல் 14416 என்ற எண்ணில் டெலிபோன் மூலம் இலவசமாக மனநல ஆலோசனை பெறலாம். வீட்டில் அடிபடும் பெண்ணுக்கு 2005ம் வருஷத்துச் சட்டத்தின்படி பாதுகாப்பு அதிகாரி இருக்கிறார். 181 என்ற எண் இருக்கிறது. ஜில்லாவில் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. வேலை ஸ்தலத்தில் பாலியல் தொந்தரவுக்கு ஆளானவர் கோரினால், விசாரணைக் காலத்தில் மூன்று மாதம் வரை விடுப்புக்குச் சிபாரிசு செய்ய 2013ம் வருஷத்துச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சாதி வன்கொடுமைக்கு 1989ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. அதன் 1995ம் வருஷத்து விதிகளின்படி கோர்ட்டுக்கும் விசாரணைக்கும் போகிற பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணப்படியும், குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தினப்படியும் கொடுத்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கலெக்டர் தலைமையில் கண்காணிப்புக் கமிட்டி கூடியாக வேண்டும்.

தோழர்களே, தினப்படி கொடுத்தாக வேண்டும் என்ற இந்த விதி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சட்டங்கள் தனித்தனி அறைகளில் உட்கார்ந்திருக்கின்றன. மனநல டாக்டர் ஜில்லா ஆஸ்பத்திரியில். பாதுகாப்பு அதிகாரி கலெக்டர் ஆபீசில். போலீஸ் ஸ்டேஷன் ஒரு பக்கம். இலவச சட்ட உதவி கோர்ட்டில். நிவாரணப் பணம் ஆதிதிராவிடர் நல ஆபீசில். சாதி சர்ட்டிபிகேட் தாசில்தாரிடம். குழந்தையின் பிரச்னை பள்ளிக்கூடத்தில். ஏழு வாசல் ஏறினால் ஏழு நாள் கூலி போச்சு. ஒவ்வொரு வாசலிலும் "என்ன நடந்தது?" என்று முதலிலிருந்து கேட்கிறார்கள். ஏழு முறை அந்தக் காயம் கீறப்படுகிறது. மூன்றாவது வாசலிலேயே மனம் விட்டுப்போய் அந்தப் பெண் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். "அவர்களாகவே வரவில்லை" என்று சர்க்கார் பைல் எழுதி மூடிவிடுகிறது.

இந்த ஏழு வாசலையும் ஒரே வாசலாக்குவதுதான் கூட்டுக் கமிட்டியின் வேலை. ஒருமுறை கேட்டு எழுதிக்கொண்டால் போதும். மிச்ச அலைச்சல் கமிட்டியினுடையது.

மரத்தடிப் பெஞ்சு

இதையெல்லாம் படித்த டாக்டர்கள்தானே செய்ய முடியும் என்று கேட்கலாம். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டைப் பாருங்கள். 2005ல் அந்த நாட்டுச் சர்க்கார் நகரங்களில் ஏழைகளின் குடிசைகளையும் சில்லறைக் கடைகளையும் இயந்திரம் வைத்து இடித்துத் தள்ளியது. சுமார் ஏழு லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இழந்தார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபையின் தூதர் அறிக்கை கொடுத்தார். மனநல டாக்டர்களோ அந்த நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தார்கள்.

அவர்களில் ஒருவரான டிக்சன் சிபாண்டா 2006ல் தலைநகர் ஹராரேயின் உழைப்பாளர் பகுதியான ம்பாரேயில் ஒரு காரியம் செய்தார். சுகாதார ஊழியர்களாக இருந்த 14 கிழவிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆஸ்பத்திரி வளாகத்தில் மரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டார்கள். துயரப்பட்டு வந்தவர்களை அந்தப் பாட்டிமார் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார்கள். புரியாத வைத்திய வார்த்தை எதுவும் பேசவில்லை. "அளவுக்கு மீறி யோசித்தல்" என்று பொருள்படும் ஊர்ப் பேச்சையே நோய்க்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். இருக்கும் கஷ்டங்களில் ஒன்றை எடுத்து, இந்த வாரம் என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசித்தார்கள். நிலைமை முற்றியிருந்தால் டாக்டரிடம் அனுப்பினார்கள்.

ஹராரேயில் 24 சுகாதார நிலையங்களில் 573 பேரை வைத்து இந்த முறை சோதிக்கப்பட்டது; முடிவு 2016ல் வெளியாயிற்று. ஆறு மாதத்துக்குப் பிறகு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறி இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குத்தான் இருந்தது. நம் நாட்டில் கோவாவிலும் டாக்டரல்லாத ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுத்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். நம்மூரில் பாட்டிமாருக்குப் பஞ்சமா? மாதர் சங்கத்தில் பொறுமைசாலிகளுக்குப் பஞ்சமா? பயிற்சியும் ஏற்பாடும்தான் பஞ்சம்.

மில் வாசலுக்கு உள்ளே

காயம் உண்டாக்கியவன் அதிகாரத்தில் நிற்கும்வரை காயம் ஆறுமா? 2021 ஜனவரியில் திண்டுக்கல் ஜில்லாவில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு தலித் இளம்பெண் கொலையுண்டார். குற்றம் சாட்டப்பட்டவர் மேற்பார்வையாளர். அந்தப் பெண் ஓர் அறிக்கையின் எண்ணாகக் கரைந்துவிடாமல் தடுத்தது சங்கம். பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன், ஆசியத் தொழிலாளர் கூட்டமைப்போடும் அமெரிக்காவின் தொழிலாளர் உரிமை ஸ்தாபனத்தோடும் சேர்ந்து போராடி, 2022 ஏப்ரலில் நிர்வாகத்தோடு திண்டுக்கல் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியும் அதற்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்திட்டது. வேலை செய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்றார்கள். புகார் சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாதென்று நிபந்தனை போடப்பட்டது.

இதில் மருந்தும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஆனால் பயமில்லாமல் வேலைக்குப் போகலாம் என்ற நிலைமையே பாதி வைத்தியம் அல்லவா?

இரண்டு ஆட்சேபங்கள்

"முதலில் கூலி, நிலம், நியாயம், மனசு அப்புறம்" என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். வீடும் கூலியும் நியாயமும் இல்லாமல் மனம் ஆறாது என்பது முழு உண்மை. பட்டாவும் வேலையும் கேட்காமல் மாத்திரை மட்டும் கொடுப்பது ஏமாற்று. ஆனால் மனம் முறிந்தவன் கூட்டத்துக்கு வருவதில்லை, சாட்சிக்கூண்டில் நிலைத்து நிற்பதில்லை, சமரசத்துக்குக் கூப்பிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுகிறான் என்பதும் உண்மை. மிராசுதாருக்கும் கட்டப்பஞ்சாயத்துக்காரனுக்கும் இது நன்றாகத் தெரியும். ஆனபடியால் இரண்டையும் ஒன்றாகவே செய்ய வேண்டும்.

"இது தர்ம ஸ்தாபனங்களின் வேலை; வெளிப்பணம் வந்து போராட்டத்தை மழுங்கடித்துவிடும்" என்று இன்னும் சிலர் சொல்லக்கூடும். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. திட்டம் மூன்று வருஷம். பணம் தீர்ந்தால் ஆபீஸ் மூடப்படும். கோர்ட் வழக்கோ முப்பது வருஷம். பாதி வழியில் விட்டுப்போகும் கை, நீட்டாத கையைவிடக் கொடியது. ஆனால் அதற்காக நாமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? நல்ல டாக்டர்களும் நேர்மையான சேவை ஸ்தாபனங்களும் கூடவே வரட்டும். ஆனால் கமிட்டியின் வேர் ஊரில் இருக்க வேண்டும். கணக்கு ஊரார் முன் வாசிக்கப்பட வேண்டும்.

எப்படி நடத்துவது?

முதலாவதாக, கமிட்டியில் தொழிற்சங்கம், விவசாயத் தொழிலாளர் சங்கம், மாதர் சங்கம், ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு ஆசிரியர், கிராம சுகாதார நர்ஸ் ஆகியோர் இருக்க வேண்டும். வன்முறைக்கு ஆளாகி மீண்டு வந்தவர்கள் அலங்காரத்துக்காக அல்ல, முடிவெடுப்பவர்களாக உட்கார வேண்டும்.

இரண்டாவதாக, ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த ஒருங்கிணைப்பாளருக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஓய்வும் கொடுக்க வேண்டும். நாள்தோறும் பிறர் துயரம் கேட்பவர் நெஞ்சிலும் பாரம் ஏறும்.

மூன்றாவதாக, ரகசியம். சொன்னது டீக்கடைக்குப் போனால் அடுத்தவர் வாய் திறக்க மாட்டார். பெயர் எழுதிய நோட்டு ஒருவரிடம் பூட்டில் இருக்க வேண்டும். அவரவர் சம்மதமில்லாமல் பத்திரிகைக்கும் மேடைக்கும் யாரையும் இழுக்கக் கூடாது, நம் மேடைக்கும்தான்!

நான்காவதாக, மாதம் ஒருமுறை குறித்த நாளில் கூட வேண்டும். யார் யார் டாக்டரைப் பார்த்தார்கள், யாருக்கு நிவாரணம் வரவில்லை, எந்தக் குழந்தை பள்ளிக்குப் போகவில்லை, வாய்தா எப்போது, யார் துணைக்குப் போவது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பரபரப்பு அடங்கி, தலைவர்களின் கார்கள் போன பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பமாகிறது.

ஐந்தாவதாக, சர்க்காரை விடக் கூடாது. தாலுகா ஆஸ்பத்திரிதோறும் மனநல டாக்டரும் சமூகப் பணியாளரும் வேண்டும். நிவாரணம் என்றால் பணத்தோடு மனநலச் சிகிச்சையும் அதில் அடங்க வேண்டும். கலெக்டரின் கண்காணிப்புக் கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடியதா என்று கேட்டு, கூடவில்லையென்றால் வாசலில் போய் நிற்க வேண்டும். நாம் செய்வது சர்க்காரின் கடமையை நம் தலையில் சுமப்பதற்காக அல்ல, அதைச் செய்யவைப்பதற்காக.

பஞ்ச காலத்தில் கஞ்சித் தொட்டி வைத்தார்கள் நம் முன்னோர். வேலைநிறுத்தக் காலத்தில் தெருத்தெருவாக உண்டியல் குலுக்கிச் சக தொழிலாளியின் அடுப்பை எரியவைத்தார்கள். பசித்த வயிற்றை ஊர் கூடித் தாங்கத் தெரிந்த நமக்கு, அடிபட்ட நெஞ்சையும் ஊர் கூடித் தாங்கத் தெரியாதா?

அடுத்த சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விஷயமாகச் சேருங்கள். யார் ஒருங்கிணைப்பாளர், எந்த நாள் கூடுவது என்ற இரண்டையும் அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள்.